வண்டி மேல் நின்று பேசியவன்

வெஸ்ட்ஹில், கனெக்டிகட்
1799 ஆகஸ்ட் 9

தம்பி எலிஹுவுக்கு அக்கா மெஹிடபெல் எழுதுவது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இருந்து தொலைக்கிறேன். தலைநகர் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் மறுபடி தலைகாட்டுகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்றத்து நீதிபதிகளைக் காய்ச்சல்கூட யோசித்துத்தான் தொடும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை என் பிள்ளை ரூபனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அச்சகத்தில் வார இதழுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவனை, நீதிமன்றக் காவல் அதிகாரி மார்ஷலும் இரண்டு ஆட்களும் வந்து, கை மையைக் கழுவக்கூட விடாமல் ஹார்ட்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜனாதிபதியைப் பழித்து அச்சடித்தானாம். போன வருஷம் போட்டார்களே புதுச் சட்டம், அதன்படி ராஜத்துரோகமாம். ராஜாவை அடித்துத் துரத்திய ஊரில் ராஜத்துரோகம்! கேட்பவன் சிரிப்பான்.

செப்டம்பரில் ஹார்ட்ஃபோர்டில் விசாரணை. நீங்கள் ஆறு பேரும் தலைநகரில் வருஷத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தபின், மீதி நாளெல்லாம் ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கிறீர்களே, இந்த முறை கிழக்குச் சுற்று உன்னுடையது என்று அரசு வக்கீல் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். தாய்மாமன் கையாலேயே மருமகனுக்கு விலங்கு மாட்டப் போகிறானாம். நீ என்ன செய்யப் போகிறாய்? அதை மட்டும் எழுது.

உன் அக்கா,
ஹிட்டி

---

நியூயார்க்
1799 ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் காய்ச்சலுக்குத் தப்பி நகரத்தை விட்டு வந்துவிட்டேன். முட்டிவலி மட்டும் விடவில்லை. நேற்று ராத்திரி தங்கிய விடுதியில் கட்டில் போதாமல், குறட்டை விடும் வக்கீல் ஒருவனோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்தார்கள். காலையில் அதே வக்கீல் என் முன்னால் நின்று வாதாடினான். நீயும் வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

ரூபன் விஷயம் கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன். ஆனால் என் முன்னால் வரப்போகிற வழக்கைப் பற்றி நான் யாரோடும் எழுதிக்கொள்ளக் கூடாது. அவன் என்ன அச்சடித்தான் என்று இன்னும் படிக்கவில்லை. படிக்காமல் இருப்பதுதான் முறை. நல்ல வக்கீலாகப் பார்த்து அமர்த்து. அவனை அடக்கமாகப் பதில் சொல்லச் சொல். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நாக்கு நீளம்.

இதைப் பற்றி மேற்கொண்டு எனக்கு எழுத வேண்டாம்.

உன் தம்பி,
எலிஹு டில்சன்

---

வெஸ்ட்ஹில்
1799 செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் முட்டிவலிக்குக் கடுகுப் பற்றுப் போடு. என் உடம்பை நீ கேட்டதற்கு நன்றி. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி சுகம்.

எழுத வேண்டாம் என்கிறாய். எழுதுவேன். நீ படிக்காவிட்டால் நானே சொல்கிறேன் அவன் அச்சடித்ததை. "முனகினாலே குற்றம் என்கிற ஆட்சிக்குக் காது செவிடு இல்லை, மனசுதான் செவிடு. அதற்குப் பயந்து குனிகிறவன் நாளைக்குத் தன் பிள்ளைக்கும் குனியத்தான் சொல்லித் தருவான்." இன்னும் இருக்கிறது. மீதியை நீயே சொல்லிவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

என்ன, முகம் வெளுக்கிறதா? எழுபத்து நாலாம் வருஷம், தேவாலயத்துப் புல்வெளியில், ஆப்பிள் சைடர் பீப்பாய் ஏற்றியிருந்த வண்டி மேல் ஏறி நின்று இருபத்து மூன்று வயதில் நீ பேசியது இது. நான் கீழே ரூபனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ இறங்கியதும் அன்றைக்கே இந்த ஊரிலிருந்து பதினொரு பேர் ராஜாவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர், திரும்பி வரவில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கு நான் தாலாட்டுக்குப் பதில் உன் பேச்சைத்தான் சொல்லி வளர்த்தேன். ராஜா என்று நீ சொன்ன இடத்தில் ஜனாதிபதி என்று போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான்.

உனக்கு இரண்டு வழி இருக்கிறது. வேறொரு நீதிபதியோடு சுற்றை மாற்றிக்கொண்டு ஒதுங்கு. இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்து, இவை என் வார்த்தைகள் என்று சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

ஹிட்டி

---

நியூ ஹேவன்
1799 செப்டம்பர் 12

அக்காவுக்கு,

கடுகுப் பற்றுக்கு நன்றி. நலம்.

அன்று நம்மைக் கேட்காமல் நம்மை ஆண்ட ஒருவனுக்கு எதிராகப் பேசப்பட்டது அது. இன்று இருப்பது நாமே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த அரசாங்கம். அன்று மருந்தாக இருந்தது இன்று விஷமாகலாம். இதைப் புரிந்துகொள்ள நீ சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒதுங்க முடியாது. மற்றவர்களில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார், இருவர் தெற்கே போய்விட்டார்கள். தவிர, நான் ஒதுங்கினால் சொந்தக்காரனுக்குப் பயந்தேன் என்பார்கள். இந்த வருஷம் என் உறுதியைப் பலர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்ட்ஃபோர்டு வரை வந்தாலும் உன் வீட்டுக்கு வர மாட்டேன். வருவது சரியில்லை.

எலிஹு

---

வெஸ்ட்ஹில்
1799 அக்டோபர் 3

மாண்புமிகு நீதிபதி எலிஹு டில்சன் அவர்களின் சமூகத்துக்கு,

தாங்கள் சௌக்கியமா? தங்களுக்குச் சிவப்பு அங்கி நன்றாகப் பொருந்தியிருந்தது. நானும் ஊராரும் மூன்றாவது பெஞ்சில் இருந்தோம். தாங்கள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

ஒன்று கேட்கிறேன் எலிஹு. அரசு வக்கீல் அந்த வரிகளைப் படித்தபோது நீ ஏன் ஜன்னலைப் பார்த்தாய்? வெளியே என்ன, தேவதை பறந்ததா? அவன் ஒரு இடத்தில் தடுமாறி வார்த்தையை விழுங்கினான். உன் உதடு அசைந்து அந்த வார்த்தையைச் சரியாக உச்சரித்ததை நான் பார்த்தேன். நானும் என் பிள்ளையும் பார்த்தோம்.

அப்புறம் கேட்டாயே, அத்தனை பெரிய மனுஷத்தனமாக: "எழுதிக் குடுத்தவன் யாருன்னு சொல்லிட்டா உன் தண்டனை குறையும். யாரு அவன்?"

சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லிவிட மாட்டானா என்றும் நினைத்தேன். ரூபன் உன்னை நேராகப் பார்த்தான்.

"எங்க ஊர்க்காரர்தான் ஐயா. இப்ப உயிரோட இல்ல."

தண்ணீர் குடித்தாய். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, அதையும் பார்த்தேன். பிறகு ஜூரியைப் பார்த்து, இந்த வார்த்தைகளை உண்டாக்கியவன் யாராக இருந்தாலும் இந்தக் குடியரசின் எதிரி என்றாய். மார்ஷல் தன் கூட்டாளிகளாகப் பொறுக்கி உட்கார வைத்த ஜூரி அது, அவர்களுக்கு அதுவே அதிகம். பதினெட்டு மாதம்.

நான் எழுந்து கத்தாததற்குக் காரணம் உன் மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதே. அதற்கு முந்தின நாள் சிறையில் ரூபன் என்னிடம் வாக்கு வாங்கிவிட்டான். "நீ சொல்லாதம்மா. நீ சொன்னா பெத்தவ பிள்ளைக்காகப் புளுகுறான்னு சொல்லுவாங்க. மாமா சொன்னாத்தான் அது செல்லும். அவர் சொல்லுவாரு பாரு" என்றான். பைத்தியக்காரப் பிள்ளை.

மெஹிடபெல்

---

எக்ஸிடர், நியூ ஹாம்ப்ஷயர்
1799 நவம்பர் 8

அக்காவுக்கு,

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. வண்டி அச்சு முறிந்து அரை நாள் ஆற்றங்கரையில் நின்றேன். சளி பிடித்திருக்கிறது. உனக்கும் அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

ரூபனுக்கு இரண்டு கம்பளியும் கொஞ்சம் தேயிலையும் பன்றி இறைச்சியும் அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று சிறை அதிகாரியிடம் சொல்ல வேண்டாம். கல் தரை ஈரமாக இருக்கும், வைக்கோல் மேல் கம்பளியை இரட்டையாக மடித்துப் போடச் சொல்.

கொஞ்சம் பொறுமையாக இரு. வசந்த காலத்தில் நிலைமை மாறலாம். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு இப்போதைவிட எடை இருக்கும். இதற்குமேல் கடிதத்தில் எழுத முடியாது.

அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா?

எலிஹு

---

வெஸ்ட்ஹில்
1799 டிசம்பர் 15

எலிஹுவுக்கு,

உன் சளி குணமாகியிருக்கும். இல்லாவிட்டாலும் தலைநகரத்தில் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

உன் கம்பளிகளை இதே வண்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரூபன் வைத்துக்கொள்ளத்தான் சொன்னான். நான்தான் அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ஊரார் கொடுத்த போர்வைகள் இருக்கின்றன. பெயர் சொல்ல வெட்கப்படுகிறவன் கம்பளி என் பிள்ளைக்கு வேண்டாம்.

வசந்த காலத்தில் என்ன மாறப் போகிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முடிதிருத்துபவன் கடையில் பேசுகிறார்கள். தலைமை நீதிபதி விலகப் போகிறாராம், நடு நாற்காலி காலியாகப் போகிறதாம், வரிசையில் முதல் ஆள் நீயாம். சொந்த அக்காள் மகனையே விடாத நேர்மையாளன் என்று மேலிடத்தில் உன் புகழ் பாடுகிறார்களாம். என் பிள்ளையின் முதுகில் கால் வைத்துத்தான் உனக்கு அந்த நாற்காலி எட்டுகிறது. ஏணியை உதைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏறும்போதே உதைக்கிறவனை உன்னிடம்தான் பார்க்கிறேன்.

அவனுக்கு இருமல். அதிகமில்லை.

கடைசியாகக் கேட்கிறேன். இதற்குமேல் என் வாயால் கேட்க மாட்டேன். ஏதாவது ஒரு ஊரில், நீதிமன்றம் கூடியிருக்கும்போது, "அந்த வார்த்தைகள் என்னுடையவை" என்று சொல். பேசியவனை நாற்காலியில் வைத்துக்கொண்டு அச்சடித்தவனை உள்ளே வைத்திருக்க யாருக்கும் முகம் இருக்காது. அவன் மறுநாளே வெளியே வருவான். உனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகாது.

மெஹிடபெல்

---

பிலடெல்பியா
1800 ஜனவரி 20

அக்கா,

நலம் கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஒரு மூச்சு என்கிறாய். அந்த ஒரு மூச்சில் என் முப்பது வருஷம் போகும். மாட்டுத் தொழுவத்தில் லத்தீன் படித்தவன் நான். பள்ளிக்கூட வாத்தியார், வக்கீல், மாநில நீதிபதி, அப்புறம் இது. எட்டு வருஷமாகக் குதிரை மேல் வாழ்கிறேன். இரண்டு முறை ஆறு என்னை அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. என் மனைவி மார்த்தா இறந்தபோது நான் தெற்கே சவான்னாவில் யாரோ இருவருடைய நெல் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செய்தி வந்து சேருவதற்குள் அவள் குழியில் புல் முளைத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒன்று கிடைக்கப் போகிறது. அதை ஒரு சின்னப் பையன் அவசரப்பட்டு அச்சடித்ததற்காக விட வேண்டுமா?

நீ என்னை வளர்த்தாய், ஒப்புக்கொள்கிறேன். அதனால் என்னை உடைக்கவும் உனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறாய். அது இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தருவேன். அதுவரை என்னை விடு.

எலிஹு

---

பிலடெல்பியா
1800 மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நடுவில் ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் கிழித்துவிட்டேன். நீ சௌக்கியமா? ரூபனின் இருமல் எப்படி இருக்கிறது? திட்டுவதற்காகவாவது இரண்டு வரி எழுது.

இந்த வசந்தத்தில் கிழக்குப் பக்கம் நான் வரவில்லை. வேறொரு நீதிபதியோடு சுற்றை மாற்றிக்கொண்டேன். செப்டம்பரில் முடியாதது இப்போது எப்படி முடிந்தது என்று நீ கேட்பாய். ஹார்ட்ஃபோர்டு சிறையைத் தாண்டி நீதிமன்றத்துக்கு நடக்க என்னால் ஆகாது என்று மட்டும் வைத்துக்கொள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ட்ரென்டன், மாத நடுவுக்குப் பிறகு அன்னாபொலிஸ். எழுதினால் அன்னாபொலிஸ் தபால் நிலையத்துக்கு எழுது. அங்கே எனக்காக எடுத்து வைப்பார்கள்.

உன் தம்பி,
எலிஹு

---

வெஸ்ட்ஹில்
1800 ஏப்ரல் 17
அன்னாபொலிஸ் தபால் நிலையம், நீதிபதி டில்சன் வரும்வரை வைத்திருக்கவும்

எலிஹு,

ரூபன் திங்கட்கிழமை காலையில் இறந்துவிட்டான். சிறையில்தான். சிறைக் காய்ச்சல் என்றார் மருத்துவர். ஜனவரியிலிருந்தே எழுந்து நிற்க மாட்டாமல் இருந்தான். இருமல் அதிகமில்லை என்று உனக்கு எழுதச் சொன்னதும் அவன்தான். அதற்குப் பிறகு நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. தினமும் ஹார்ட்ஃபோர்டில் அவன் பக்கத்தில் இருந்தேன், கை ஒழியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மாட்டு வண்டி கொண்டு வந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து நேற்று புதைத்தோம். ஊர் முழுக்க வந்தது.

நீ தெற்கே போகிறாய் என்று அவனிடம் சொன்னேன். "நல்லதும்மா. இங்க வந்தா மாமாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே உனக்காகப் பார்த்தான். அவன் உன்னை மன்னித்துவிட்டான். நான் அவன் இல்லை.

வா என்று இதை எழுதவில்லை. வராதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் நாற்காலியில் நன்றாக இரு.

மெஹிடபெல்

---

நியூயார்க்
1800 ஏப்ரல் 22

என் அன்பு அக்கா ஹிட்டிக்கு,

நலம், நலம், முட்டிகூட வலிக்கவில்லை! நீ எப்படி இருக்கிறாய்? நான் அன்னாபொலிஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. வடக்கே வந்துகொண்டிருக்கிறேன், வீட்டுக்கு.

நடந்ததைச் சொல்கிறேன். ட்ரென்டனில் நான் தங்கிய விடுதிக்காரருக்கு ஒரு கால் இல்லை. நம் பக்கத்து ஆள்தான், சண்டைக்குப் பிறகு அங்கே போய்க் குடியேறியவர். சாப்பாடு வைக்கும்போது என் முகத்தையே பார்த்தார். "வெஸ்ட்ஹில்ல வண்டி மேல நின்னு பேசினது நீங்கதானே? அதக் கேட்டுத்தான் நான் சண்டைக்குப் போனேன்" என்றார். நான் இல்லை என்றேன் அக்கா. வாய் கூசாமல் இல்லை என்றேன். அவர் மரக்காலைத் தட்டிக்கொண்டு, "அப்ப வேற ஆளு. அவரு இருந்தா இந்நேரம் அந்த அச்சுக்காரப் பையன உள்ள விட்டிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில், யார் மேல் குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்யும் பெரிய ஜூரிக்கு வழக்கம்போல உபதேசம் செய்ய எழுந்தேன். எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை, அதற்காக ஒருவனை உள்ளே வைத்திருக்கிறேன், அது என் தவறு என்று. அரசு வக்கீலின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. நீ பார்த்திருக்க வேண்டும், உன் வயிறு குளிர்ந்திருக்கும். அந்த ஒற்றைக்கால் மனுஷர் கடைசி வரிசையில் நின்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு பிலடெல்பியாவுக்குப் போய் வாசல் வாசலாக நின்றேன். நாற்காலி போயிற்று. ஏற்கெனவே இருந்த நீதிபதிப் பதவியையும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை வாங்கிக்கொண்டு, இந்த அவமானம் இத்தோடு ஒழியட்டும் என்று விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள். என் சட்டைப்பைக்குள் இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இது கையில் வரும்வரை உனக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வெறும் வாக்கு அனுப்பி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

நாளை காலை கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேரும். ரூபனுக்குக் குதிரையேறத் தெம்பிருக்காது, மூடிய வண்டியாக அமர்த்தியிருக்கிறேன். இருமலுக்கு ஒரு ஜாடி தேன் வாங்கியிருக்கிறேன். நீ சிறைக்குப் போய் அவனைச் சவரம் செய்துகொண்டு தயாராக இருக்கச் சொல். அவன் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதும்.

நீயும் வாசலில் நின்று ஊரே கேட்கும்படி என்னைத் திட்டு. முழுக்கத் திட்டு, பாதியில் நிறுத்தாதே. பதில் எழுத வேண்டாம், எல்லாவற்றையும் நேரில் சொல்.

உன் தம்பி,
எலிஹு